லாகின் ஆனதுமே நம் தீமோடு ஓபன்பாக்ஸ்: எக்ஸ்எஃப்சிஇ கணினிக்கு முழுமையான வழிகாட்டி

திங்கட்கிழமை காலையில் திருநெல்வேலி கொக்கிரகுளம் பக்கம் போனால் கலெக்டர் ஆபீஸைச் சுற்றியுள்ள டைப்பிங் கடைகளில் நிற்க இடம் இருக்காது. மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒரே கணினியில் பட்டா மாறுதல் மனு, முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், ரேஷன் கார்டு திருத்தம் என்று ஐந்தாறு விண்டோ திறந்து கிடக்கும். கடை தெருவைப் பார்த்து இருப்பதால் வெயில் நேரே திரையில் விழும். "இதுல எதுல அடிக்கேன்னே தெரிய மாட்டேங்கு தம்பி" என்று ஒரு கடைக்கார அண்ணாச்சி என்னிடம் சொன்னார். அவர் சொன்னது முழுக்க நியாயம். இன்றைய தீம்கள் (விண்டோக்களின் நிறத்தையும் தோற்றத்தையும் வகுக்கும் தொகுப்புகள்) பலவற்றில், நாம் அடித்துக்கொண்டிருக்கும் விண்டோவின் தலைப்புப் பட்டையும் பின்னால் கிடக்கும் விண்டோவின் பட்டையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். ஒருவர் மனுவில் இன்னொருவர் சர்வே எண் ஏறிவிட்டால் அந்த மனிதர் மறுபடி வள்ளியூரிலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ பஸ் ஏறி வரவேண்டும்.

அதனால் விண்டோ மேனேஜர் (விண்டோக்களுக்குத் தலைப்புப் பட்டை போட்டு, நகர்த்தவும் மூடவும் வைக்கும் புரோகிராம்), அதன் தீம் இரண்டையும் நம் வேலைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வதை நான் அலங்காரமாக நினைப்பதில்லை. அதை ஒரு தடவை சரியாகச் செய்துவிட்டால், அப்புறம் தினமும் லாகின் செய்யும்போது தானாக வந்து நிற்க வேண்டும். பலர் தடுமாறுவது இந்தக் கடைசிப் பகுதியில்தான்.

இங்கே எடுத்துக்கொள்வது எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் ஓடும் லினக்ஸ் கணினிகள்: லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, சுபுண்டு, டெபியன் எக்ஸ்எஃப்சிஇ போன்றவை. பழைய லேப்டாப்களில் இவைதான் சுணங்காமல் ஓடுகின்றன. மாற்றி வைக்கப்போகும் விண்டோ மேனேஜர் ஓபன்பாக்ஸ். க்னோம் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அதில் விண்டோ மேனேஜர் டெஸ்க்டாப்போடு பின்னிக் கிடக்கிறது, தனியாகக் கழற்ற முடியாது. திரையில் விண்டோக்களைக் காட்டும் அடிப்படை முறைகள் இரண்டு: புதிய வேலண்ட், பழைய எக்ஸ்11. வேலண்ட் செஷனிலும் (லாகின் செய்து லாக்அவுட் வரை ஓடுவது செஷன்) இதே நிலைதான். எக்ஸ்11 செஷனில் மட்டுமே ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம்.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

யார் யாரைத் தொடங்கி வைக்கிறார்கள்

பாஸ்வேர்டு கேட்கும் திரை லைட்டிஎம் என்ற புரோகிராமின் வேலை. நீங்கள் பாஸ்வேர்டு அடித்ததும் அது எக்ஸ்எஃப்சிஇ செஷன் மேனேஜரைத் தொடங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். செஷன் மேனேஜர் தன் பட்டியலை வரிசையாகத் தொடங்கும். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு, சிறிய எண் முதலில் வரும். எக்ஸ்எஃப்சிஇயின் சொந்த விண்டோ மேனேஜரான எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-க்கு 15, பேனலுக்கு 25, டெஸ்க்டாப் படத்தையும் ஐகான்களையும் வரையும் எக்ஸ்எஃப்டெஸ்க்டாப்புக்கு 35. விண்டோவுக்குச் சட்டம் (விளிம்பும் தலைப்புப் பட்டையும்) போட ஆள் வந்த பிறகே மற்றவை வரவேண்டும் என்பதால் இந்த வரிசை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வேலைதான்: அந்தப் பட்டியலில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 இருக்கும் இடத்தில் ஓபன்பாக்ஸை உட்கார வைப்பது. பட்டியலைத் தொடாமல் வேறு எங்கேயோ ஓபன்பாக்ஸைச் சேர்த்தால் இரண்டும் கிளம்பும், ஒன்றையொன்று தள்ளும்.

பேனலும் டாஸ்க்பாரும் புதிய விண்டோ மேனேஜரோடு ஒத்துப்போகுமா என்று சந்தேகம் வரலாம். ஒத்துப்போகும். எந்த விண்டோ திறந்திருக்கிறது, எது முன்னால் நிற்கிறது என்பதையெல்லாம் இவை பேசிக்கொள்ள இடபிள்யூஎம்ஹெச் என்ற பொது விதிமுறை இருக்கிறது. ஓபன்பாக்ஸ் அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது.

முதல் படி: தனி யூசர்

கடைக் கணினியில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். யூசர்ஸ் அமைப்பில் போய் "சோதனை" என்ற பொருள்பட ஒரு புதிய யூசரை உருவாக்கி அதில் லாகின் செய்யுங்கள். இந்த வழிகாட்டியில் நாம் மாற்றும் எல்லாமே அந்தந்த யூசரின் ஹோம் ஃபோல்டருக்குள்தான் பதிவாகும். சோதனை யூசரில் எது கெட்டாலும் வேலை செய்யும் யூசர் அப்படியே இருக்கும். எல்லாம் சரி என்று தெரிந்ததும் அங்கே ஒருமுறை செய்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: போட வேண்டியவை

சினாப்டிக்கையோ சாஃப்ட்வேர் மேனேஜரையோ திறந்து ஓபன்பாக்ஸ், அதன் அமைப்புகளை மாற்ற உதவும் ஓபிகான்ஃப், தமிழுக்கு நோட்டோ எழுத்துருக்கள், இவ்வளவையும் நிறுவுங்கள். உங்கள் பதிப்பில் ஓபிகான்ஃப் இல்லை என்றால் ஓபிகான்ஃப்-க்யூடி இருக்கும், வேலை ஒன்றுதான்.

நிறுவியதும் லாகின் திரையின் செஷன் பட்டியலில் ஓபன்பாக்ஸ் என்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகிறவர்கள் பேனல் இல்லை, ஐகான் இல்லை, வெறும் திரைதான் இருக்கிறது என்று பயந்துவிடுகிறார்கள். ஒன்றும் கெடவில்லை. அது டெஸ்க்டாப் எதுவும் இல்லாத தனி ஓபன்பாக்ஸ். ரைட் கிளிக் செய்தால் மெனு வரும், அதிலேயே வெளியே வரவும் வழி இருக்கும். இப்போதைக்கு அது வேண்டாம். ஆனால் அப்படி ஒரு வாசல் இருப்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கை கொடுக்கும்.

மூன்றாம் படி: ஒருமுறை மாற்றிப் பார்ப்பது

எக்ஸ்எஃப்சிஇ செஷனில் இருந்தபடியே ஆல்ட், எஃப்2 இரண்டையும் அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஓபன்பாக்ஸ், ஓர் இடைவெளி, இரண்டு கழித்தல் குறி, அதோடு ஒட்டி ரீப்ளேஸ் என்று அடித்து என்டர் தட்டுங்கள். திரை ஒரு கணம் மின்னும், விண்டோக்களின் சட்டம் மாறியிருக்கும்.

இதை டெர்மினலில் அடிக்க வேண்டாம். அந்த டெர்மினலை மூடினால் ஓபன்பாக்ஸும் கூடவே போய்விடக்கூடும். விண்டோ மேனேஜர் இல்லாத திரையில் தலைப்புப் பட்டை இருக்காது, விண்டோவை நகர்த்த முடியாது, கீபோர்டில் அடிப்பதுகூட எந்த விண்டோவுக்கும் போய்ச் சேராமல் நிற்கலாம். பழைய நிலைக்குத் திரும்ப அதே ஆல்ட் எஃப்2 பெட்டியில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்பதற்கு அதே ரீப்ளேஸைச் சேர்த்து அடித்தால் போதும்.

இந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் வேலை செய்து பாருங்கள். சில மாற்றங்கள் கண்ணில் படும். விண்டோக்களின் நிழல் மறைந்திருக்கும், ஏனென்றால் அந்த நிழலை வரையும் கம்பாசிட்டர் ஓபன்பாக்ஸில் கிடையாது. நிழலும் ஒளிபுகும் தன்மையும் வேண்டும் என்றால் பிகாம் என்ற தனி புரோகிராம் இருக்கிறது. பழைய லேப்டாப்பில் அது இல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். எக்ஸ்எஃப்சிஇயின் விண்டோ மேனேஜர் அமைப்பில் நீங்கள் வைத்திருந்த கீபோர்டு ஷார்ட்கட்கள் இனி வேலை செய்யாது, ஓபன்பாக்ஸின் சொந்த ஷார்ட்கட்கள் வரும். ஆல்ட் டேப், ஆல்ட் எஃப்4 இரண்டும் வழக்கம்போல் இருக்கும். தமிழ்99 விசைப்பலகை எதுவும் மாறாது, தமிழில் அடிக்க உதவும் ஐபஸ் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நான்காம் படி: தீம்

இங்கே அவசரப்படாதீர்கள். தீம் தேர்வில் தமிழுக்கென்று பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 தீம்களில் தலைப்புப் பட்டை பெரும்பாலும் சின்னச் சின்னப் படங்களால் ஆனது. பட்டையின் உயரம் அந்தப் படத்தின் உயரம். எழுத்துருவைப் பெரிதாக்கினால் பட்டை கூடவே வளராது. அப்போது "கீ", "ரி" போன்றவற்றின் மேல் சுழியும் "கூ", "ஞூ" போன்றவற்றின் கீழ் வளைவும் வெட்டுப்படும். ஓபன்பாக்ஸ் பட்டையின் உயரத்தை எழுத்துருவை வைத்தே கணக்கிடுகிறது, அதனால் எழுத்து பெரிதானால் பட்டையும் வளரும். தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஓபன்பாக்ஸை நான் பரிந்துரைக்க முதல் காரணம் இதுதான்.

ஓபிகான்ஃபைத் திறந்தால் இடது பக்கம் தீம் பகுதி. கிளியர்லுக்ஸ், ஆனிக்ஸ், மிகாச்சு என்று கூடவே வந்த சில தீம்கள் இருக்கும். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்தால் உடனே மாறும். இவற்றில் ஒன்று பிடித்துவிட்டால் அடுத்த படிக்குப் போய்விடலாம். நமக்கென்று ஒன்று செய்ய ஆசை இருந்தால் தொடருங்கள், கடினம் இல்லை.

ஃபைல் மேனேஜரில் ஃபைல் சிஸ்டம், யூஎஸ்ஆர், ஷேர், தீம்ஸ் என்று உள்ளே போய் கிளியர்லுக்ஸ் ஃபோல்டரைக் காப்பி செய்யுங்கள். உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு வந்து கன்ட்ரோல் ஹெச் அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். அங்கே புள்ளியில் தொடங்கும் தீம்ஸ் என்ற ஃபோல்டர் இருந்தால் அதற்குள் ஒட்டுங்கள், இல்லையென்றால் உருவாக்கி ஒட்டுங்கள். ஒட்டியதன் பெயரைப் பொருநை என்று ஆங்கில எழுத்தில் மாற்றிவிடலாம். தாமிரபரணியின் பழைய பெயர், நாம் வைக்கப்போவதும் தாமிர நிறம்.

அதற்குள் ஓபன்பாக்ஸ்-3 என்ற ஃபோல்டர், அதற்குள் தீம்ஆர்சி என்ற ஃபைல். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் வரிக்கு ஓர் அமைப்பு, புள்ளிகளால் பிரித்த பெயர், அப்புறம் முக்காற்புள்ளி, மதிப்பு. மாற்ற வேண்டியவை இவைதான்:

விண்டோ.ஆக்டிவ்.டைட்டில்.பிஜி என்ற வரியின் மதிப்பை ஃபிளாட் சாலிட் என்று மாற்றுங்கள். கிளியர்லுக்ஸில் அங்கே நிறம் மேலிருந்து கீழே மாறும் கிரேடியன்ட் இருக்கிறது, வெயில் வெளிச்சத்தில் அது எழுத்தை மங்க வைக்கும். அடுத்து அதே பெயரோடு கலர் சேர்ந்த வரிக்கு #904020. விண்டோ.ஆக்டிவ்.லேபிள்.டெக்ஸ்ட்.கலர் வரிக்கு வெள்ளை நிறத்தின் ஆங்கிலப் பெயரையே எழுதலாம், ஓபன்பாக்ஸுக்குப் புரியும்.

இனி ஆக்டிவ் என்பதற்குப் பதில் இன்ஆக்டிவ் என்று வரும் அதே வரிகள். அதிலும் ஃபிளாட் சாலிட், பின்புலம் #909090, எழுத்து #000000.

இந்த எண்களைக் கணக்குப் போட்டே எடுத்திருக்கிறேன். இணையப் பக்கங்களில் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்று வகுத்த டபிள்யூசிஏஜி விதிகளில், எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5, உயர்ந்த தரத்துக்கு 7 இருக்க வேண்டும். #904020 மேல் வெள்ளை எழுத்துக்கு 7-ஐச் சற்றே தாண்டுகிறது. சாம்பல் மேல் கறுப்புக்கு 6.5-க்கு மேல். அதைவிட முக்கியம், இரண்டு பட்டைகளும் இரண்டு வகையில் வேறுபடுகின்றன. நிறமும் வேறு, எழுத்து ஒன்றில் வெள்ளை, மற்றதில் கறுப்பு. நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவரும் வெயிலில் உட்கார்ந்து அடிப்பவரும் எழுத்தைப் பார்த்தே எந்த விண்டோ என்று சொல்லிவிடலாம்.

இன்னும் இரண்டு வரிகள். டெக்ஸ்ட்.ஃபான்ட் என்று முடியும் வரிகளில் ஷேடோ=ஒய் என்று தொடங்கும் மதிப்பு இருந்தால் அந்த வரிகளை நீக்கிவிடுங்கள். எழுத்துக்கு நிழல் ஆங்கிலத்தில் அழகாக இருக்கலாம். தமிழில் "ண", "ன" போன்ற வளைவு மிகுந்த எழுத்துகள் நிழலோடு சேர்ந்து அப்பிப்போகும். பேடிங்.ஹைட் என்ற வரியில் எண்ணை ஒன்றோ இரண்டோ கூட்டினால் தமிழின் மேல் கீழ் வளைவுகளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். அந்த வரி இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம்.

சேமித்துவிட்டு ஓபிகான்ஃபை மூடித் திறந்தால் பட்டியலில் பொருநை வந்திருக்கும். தேர்ந்தெடுங்கள். அப்படியே அப்பியரன்ஸ் பகுதிக்குப் போய் ஆக்டிவ் விண்டோ, இன்ஆக்டிவ் விண்டோ இரண்டின் தலைப்புக்கும் நோட்டோ சான்ஸ் எழுத்துருவை வையுங்கள், அளவு 11 அல்லது 12. அதே இடத்தில் பட்டையில் எந்தப் பொத்தான் எங்கே என்பதைச் சொல்லும் எழுத்து வரிசை ஒன்று இருக்கும்: என், எல், ஐ, எம், சி. வரிசைப்படி ஐகான், தலைப்பு, சுருக்கு, பெரிதாக்கு, மூடு. மூடும் பொத்தானைத் தவறி அழுத்துபவர்கள் சி-யை எடுத்து முதலில் போட்டுவிட்டால் அது மட்டும் இடது ஓரத்துக்குப் போய்விடும்.

சோதிக்க "கூட்டுறவுச் சங்கக் கடன் தள்ளுபடி மனு" என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்து எடிட்டரில் திறந்து பாருங்கள். எல்லா எழுத்தும் முழுதாகத் தெரிந்தால் தீம் முடிந்தது.

சில விண்டோக்களில் இந்த நிறம் வராது. ஃபயர்ஃபாக்ஸும் க்னோம் வகைப் புரோகிராம்களும் தலைப்புப் பட்டையைத் தாங்களே வரைந்துகொள்கின்றன, அங்கே எந்த விண்டோ மேனேஜராலும் நுழைய முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் கஸ்டமைஸ் டூல்பார் பக்கத்தின் கீழ் மூலையில் டைட்டில் பார் என்ற கட்டத்தில் டிக் செய்தால் நம் பட்டை வந்துவிடும். விண்டோவுக்கு உள்ளே இருக்கும் பொத்தான், மெனு நிறங்கள் வேறு விஷயம், அவை எக்ஸ்எஃப்சிஇயின் அப்பியரன்ஸ் அமைப்பில் மாறும்.

ஐந்தாம் படி: லாகினில் நிலைக்க வைப்பது

இப்போது ஓபன்பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, தீமும் இருக்கிறது. கணினியை அணைத்துப் போட்டால் பழையபடி எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 வந்துவிடும். அதைத் தடுக்கும் வேலை இது.

1. ஃபயர்ஃபாக்ஸ், எடிட்டர், ஃபைல் மேனேஜர், ஓபிகான்ஃப் எல்லாவற்றையும் மூடுங்கள். செஷனைச் சேமிக்கும்போது திறந்திருப்பவையும் சேர்ந்து பதிவாகும், அப்புறம் தினமும் காலையில் அவையும் திறக்கும்.

2. செட்டிங்ஸில் செஷன் அண்ட் ஸ்டார்ட்அப் திறந்து, ஜெனரல் பகுதியில் லாக்அவுட்டின்போது தானாகச் செஷனைச் சேமிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் நாம் சுத்தமாகச் சேமித்ததை மாலையில் கடை மூடும்போது அழித்து எழுதிவிடும்.

3. கரண்ட் செஷன் பகுதிக்குப் போங்கள். பட்டியலில் ஓபன்பாக்ஸ் இருக்க வேண்டும். அதன் முன்னுரிமை எண் 50 என்று இருந்தால் 15 ஆக்குங்கள். 20 போன்ற சிறிய எண் இருந்தால் அப்படியே விடலாம்.

4. பட்டியலில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-உம் இன்னும் தெரிந்தால் அதன் ரீஸ்டார்ட் ஸ்டைலை நெவர் என்று மாற்றி, கீழே உள்ள க்விட் புரோகிராம் பொத்தானை அழுத்துங்கள்.

5. சேவ் செஷன் அழுத்துங்கள். லாக்அவுட் செய்து மறுபடி லாகின் செய்யுங்கள்.

தாமிரப் பட்டையோடு விண்டோ திறந்தால் முடிந்தது. கரண்டு போய் வந்தாலும், பிளக்கைப் பிடுங்கினாலும் இது கலையாது. தானாகச் சேமிப்பதை நிறுத்திவிட்டோம், ஆகவே ஒவ்வொரு லாகினும் நாம் சேமித்த அதே நிலையிலிருந்துதான் தொடங்கும்.

ஆட்டோஸ்டார்ட்டில் போட்டால் போதாதா

அதே செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்பில் அப்ளிகேஷன் ஆட்டோஸ்டார்ட் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ரீப்ளேஸ் கட்டளையைப் போடச் சொல்லித்தான் பலரும் வழிகாட்டுகிறார்கள். வேலை செய்யும், ஆனால் நான் சொல்ல மாட்டேன். முதலில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 கிளம்பி எல்லா விண்டோவுக்கும் சட்டம் போடும். பேனல் வரும், டெஸ்க்டாப் வரும், அதற்கப்புறம்தான் ஆட்டோஸ்டார்ட் வரும். அப்போது ஓபன்பாக்ஸ் வந்து அதைத் தள்ளிவிட்டு மறுபடி சட்டம் போடும். ஹார்டு டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் இந்த இடைவெளி நன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் விண்டோ திறந்து அடிக்கத் தொடங்கியவருக்கு நடுவில் திரை மின்னி, கர்சர் வேறெங்கோ போய்விடும்.

சிக்கிக்கொண்டால்

லாகின் செய்ததும் சட்டமே இல்லாத விண்டோக்கள், அல்லது வெறும் திரை. இப்படி ஆனால் லாக்அவுட் செய்து, லாகின் திரையில் செஷன் பட்டியலிலிருந்து முன்பு சொன்ன தனி ஓபன்பாக்ஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். ரைட் கிளிக் மெனுவில் டெர்மினல் திறந்து துனார் என்று அடித்தால் ஃபைல் மேனேஜர் வரும். ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் கேஷ், அதற்குள் செஷன்ஸ். அந்த செஷன்ஸ் ஃபோல்டருக்குள் இருப்பவற்றை அழித்துவிட்டு வெளியே வந்து எக்ஸ்எஃப்சிஇ செஷனில் நுழையுங்கள். சேமித்த செஷன் இல்லாததால் கணினி பழைய எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-ஓடு எழுந்துவிடும். தீம் எங்கும் போயிருக்காது, ஐந்தாம் படியை மட்டும் திரும்பச் செய்தால் போதும்.

சேமித்த செஷனை யாராவது அடிக்கடி அழித்துவிடும் கணினி என்றால் இன்னும் ஆழமாக ஒரு வழி இருக்கிறது. சேமித்த செஷன் இல்லாதபோது செஷன் மேனேஜர் ஃபெயில்சேஃப் என்ற அடிப்படைப் பட்டியலைப் படிக்கிறது. எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் என்ற எக்ஸ்எம்எல் ஃபைல் அது. ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள், எக்ஸ்எஃப்சிஇ4, எக்ஸ்எஃப்கான்ஃப், கடைசியில் பெயரில் பெர்சேனல் என்று வரும் ஃபோல்டரில் இருக்கும். அங்கே இல்லையென்றால் சிஸ்டத்தின் இடிசி, எக்ஸ்டிஜி வழியாகப் போய் அதே பெயரில் உள்ளதைக் காப்பி செய்து இங்கே வையுங்கள். கிளையன்ட்0 கமாண்ட் என்ற இடத்தில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்றிருப்பதை ஓபன்பாக்ஸ் என்று மாற்றுங்கள். எக்ஸ்எஃப்சிஇ ஓடும்போது இந்த ஃபைலைத் தொட்டால் அது திரும்ப மேலெழுதிவிடலாம், எனவே தனி ஓபன்பாக்ஸ் செஷனில் இருந்து செய்யுங்கள்.

வேறு டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு

லுபுண்டு போன்ற எல்எக்ஸ்க்யூடி கணினிகளில் செஷன் செட்டிங்ஸிலேயே விண்டோ மேனேஜரைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. மேட்டே டெஸ்க்டாப்பில் மேட்டே ட்வீக் என்ற கருவியில் இதே வசதி உண்டு. அங்குள்ள பட்டியலில் ஓபன்பாக்ஸ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் அவ்வளவுதான்.

ரேம் மிகக் குறைந்த கணினியில் டெஸ்க்டாப்பே வேண்டாம், தனி ஓபன்பாக்ஸ் செஷனே போதும் என்பவர்கள், கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ஓபன்பாக்ஸ் ஃபோல்டரில் ஆட்டோஸ்டார்ட் என்ற ஃபைலை எழுதிக்கொள்ள வேண்டும். பேனல், நெட்வொர்க் ஐகான், ஐபஸ் என்று வரிக்கு ஒன்று. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அண்ட் குறி (&) கட்டாயம். அது இல்லாவிட்டால் அந்த வரியிலேயே நின்று அடுத்தது தொடங்காது. இந்த ஃபைல் தனி ஓபன்பாக்ஸ் செஷனில் மட்டும்தான் படிக்கப்படும், எக்ஸ்எஃப்சிஇக்குள் ஓபன்பாக்ஸ் ஓடும்போது அல்ல.

டெஸ்க்டாப்கள் வேலண்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கின்றனவே, இந்த உழைப்பு வீணாகுமா என்று கேட்பவர்களுக்கு: வேலண்டில் ஓபன்பாக்ஸ் ஓடாது. ஆனால் வேலண்டில் விண்டோ மேனேஜர் வேலையைச் செய்யும் லேப்டபிள்யூசி என்று ஒன்று இருக்கிறது, அது ஓபன்பாக்ஸின் தீம் ஃபைலையே படிக்கிறது. 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20, தன் சோதனை வேலண்ட் செஷனுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறது. பொருநை ஃபோல்டரைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வேலை செய்யும் யூசருக்கும் கடையின் மற்ற கணினிகளுக்கும் கொண்டுபோக இரண்டு ஃபோல்டர்கள் போதும்: புள்ளியில் தொடங்கும் தீம்ஸ், கான்ஃபிக்குக்குள் இருக்கும் ஓபன்பாக்ஸ். பென் டிரைவில் எடுத்து அங்கே அதே இடங்களில் ஒட்டிவிட்டு, ஓபன்பாக்ஸையும் நோட்டோ எழுத்துருவையும் நிறுவி, மூன்றாம் படியையும் ஐந்தாம் படியையும் மட்டும் செய்யுங்கள். செஷன்ஸ் ஃபோல்டரைக் காப்பி செய்யாதீர்கள், அதில் இருப்பது அந்தந்தக் கணினிக்கு உரியது.